கதவுக்கு வாசித்த கதை

நூலகம், மாடி அறை
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள குட்டிமாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டுமாம், பக்கத்து நாற்காலியில் இருக்கிற பெரியவர் எட்டிப் பார்த்துச் சொல்கிறார். அப்படியே வைத்துக்கொள். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இங்கே நூலகத்தில் செவ்வாய்தோறும் ‘கடிதம் எழுதும் நேரம்’ என்று ஒன்று நடத்துகிறார்கள். தாள், பேனா, உறை எல்லாம் அவர்களே தருகிறார்கள். ஏழெட்டுப் பேர் வருகிறோம். எட்டிப் பார்த்த பெரியவர் தெருவிளக்கு எரியவில்லை என்று மேலிடத்துக்கு எழுதுகிறார், வாரா வாரம் அதே தெருவிளக்குதான். ஒரு பெண் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு எல்லாவற்றையும் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டுப் போகிறாள். நான் இன்றுதான் பேனாவைத் தொட்டிருக்கிறேன்.

போனில் நீ “சாப்பிட்டியாம்மா” என்கிறாய். நான் “ஆச்சு, நீ?” என்கிறேன். நீயும் “ஆச்சு” என்கிறாய். அதற்குமேல் வண்டி நகருவதில்லை. நாம் இருவரும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம் என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. மற்றது எதுவும் தெரியவில்லை, அதனால்தான் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. குழாய்க்காரர் நாளை வருகிறேன் என்றார். அவருடைய நாளை எப்போது வரும் என்று உனக்குத் தெரியும். எதிர்வீட்டு டீச்சர் தினமும் சாயங்காலம் வந்து சோபாவில் உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறாள். அழுதுவிடு, மனசு லேசாகும் என்கிறாள். எனக்கு வரவில்லை என்றால் நம்பமாட்டேன் என்கிறாள். வராததை எங்கே போய் வாங்கி வருவது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ கிளம்பும்போது அப்பாவின் போனை அணைத்து வைக்கச் சொன்னாய் அல்லவா, நான் அணைக்கவில்லை. சார்ஜ் போட்டு அலமாரி மேல் வைத்திருக்கிறேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போல அது ஒரு வேலை. போன வாரம் அதில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. தாங்கள் முன்பதிவு செய்த நூல் வந்துவிட்டது, இந்த வாரத்துக்குள் பெற்றுக்கொள்ளவும் என்று நூலகத்திலிருந்து.

என்ன நூல் என்று உனக்கே தெரியும். அந்தக் கப்பல் கொலைக் கதையின் மூன்றாம் பாகம். முதல் இரண்டு பாகத்தையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு மூன்றாவதுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். “எனக்கு முன்னாடி எவனோ எழுத்துக் கூட்டிப் படிக்கிறான்” என்று திட்டிக்கொண்டே இருப்பார். கட்டிடம் கட்டிடமாக லிப்ட் ரிப்பேர் பார்த்த மனிதர், ஓய்வு பெற்ற பிறகும் எது தாமதமானாலும் பொறுக்கமாட்டார். கடைசியில் அவர் முறை வந்தபோது அவர் இல்லை.

அதைச் சொல்லி அவருடைய நூலக அட்டையைக் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். கவுண்டரில், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பாளே, அந்தப் பெண் இருந்தாள். கீழ்த்தளத்தில் கைக்குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம், ஒரே கைதட்டலும் கூச்சலும். அவள் அட்டையைப் பார்த்துவிட்டு, “சார் வரலையா? முடியலையா அவருக்கு?” என்று கேட்டாள். “முடிஞ்சு போச்சும்மா” என்று சொன்னேன். சொன்னதாகத்தான் நினைப்பு. பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது போல. அவள் காதில் “முடியாமப் போச்சும்மா” என்று விழுந்திருக்கிறது.

“அடடா, எப்போலேர்ந்து?” என்றாள். போன மாசத்திலிருந்து என்றேன். எழுந்து நடமாடுகிறாரா என்று கேட்டாள், இல்லை என்றேன். வெளியே வரவே முடியாதா என்றாள், முடியாது என்றேன். பேச்சாவது இருக்கிறதா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அதுவும் இல்லைம்மா என்றேன். குட்டிமா, அவள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நான் நிஜத்தைத்தான் சொன்னேன். ஒரு ‘ஞ்சு’ போய் ஒரு ‘யாம’ வந்தது, அவ்வளவுதான். அதற்குள் உன் அப்பா மறுபடி உயிரோடு கட்டிலில் படுத்துவிட்டார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. படபடவென்று கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். ‘வீடு தேடி வாசிப்பு’ என்று ஒரு சேவை இருக்கிறதாம். படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஆள் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போவார்களாம். வெள்ளிக்கிழமை நம் வீட்டுக்கு வருவார்கள் என்றாள். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. நான் “சரிம்மா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீ பயப்படாதே. வெள்ளிக்கிழமை வருகிற ஆளை வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொல்லி அனுப்பிவிடுவேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ள எனக்கென்ன தலையெழுத்தா? உடம்பைப் பார்த்துக்கொள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

உன் அன்பு
அம்மா


நூலகம்
மறுபடி ஒரு செவ்வாய்

அன்புள்ள குட்டிமாவுக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. கடல் தாண்டி வரவேண்டுமே, வரட்டும். முந்தைய கடிதத்துக்கும் இதற்கும் நடுவில் பல வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன. ஓணான் மடியில்தான் இருக்கிறது.

முதலில் வருகிறவரைப் பற்றிச் சொல்கிறேன். ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்துகொண்டிருந்த அம்மா அவர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்கிற குரல் இருக்குமே, அது. ஓய்வு பெற்ற பிறகு சம்பளமில்லாமல் நூலகத்துக்கு வாசித்துக் கொடுக்கிறார். ஆள் குள்ளம், குரல் மட்டும் நம் தெரு முழுக்கக் கேட்கும். வாசலில் நின்று “வணக்கம். நூலகத்திலிருந்து வர்றேன்” என்றபோது நான் ஒரு அடி பின்னால் போய்விட்டேன்.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு “சார் எங்கே படுத்திருக்கார்?” என்றார். என் கை தானாக நம் படுக்கையறைக் கதவைக் காட்டியது. தூங்குகிறார் என்று வாய் சொன்னது. தொந்தரவு செய்யவேண்டாம் என்று அவர் கூடத்து நாற்காலியை எடுத்து, மூடியிருந்த கதவுக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கதவை வைத்துக்கொண்டு எப்படி வாசிப்பீர்கள் என்று கேட்டேன். “வேலை பார்த்த காலம் பூரா முகம் தெரியாதவங்களுக்குத்தான் பேசினேன். கதவு எனக்கு என்ன பண்ணும்?” என்றார். பையிலிருந்து அந்த மூன்றாம் பாகத்தை எடுத்து உடனே ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கதையை அவர் வாசிப்பதை நீ கேட்கவேண்டும். கப்பல் கேப்டனின் கழுத்தில் கத்தி இறங்குகிறது. அதையும் ஐந்தாம் நடைமேடையில் வண்டி வந்து நிற்பது போலவே சொல்கிறார், ஏற்ற இறக்கமே கிடையாது. அத்தியாயம் மாறும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தி, “அத்தியாயம் ஏழு” என்று இரண்டு தடவை சொல்கிறார், பழக்கதோஷம். நடுநடுவே கதவைப் பார்த்து “சத்தம் கேக்குதா சார்?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். நானும் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்திவிட்டுச் சேர்ந்து காத்திருக்கிறேன். அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.

சாருக்கு முன்கதை தெரியுமா என்று ஒருநாள் கேட்டார். அவருக்குத் தெரியும் என்றேன். எனக்குத்தான் தெரியாது. யார் யாருக்கு மாமன், எதற்காகக் கப்பலில் ஏறினார்கள், ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை என்றால் காலையிலேயே கூடத்தைப் பெருக்கி வைத்துவிடுகிறேன். அந்த ஒரு மணி நேரம் உள்ளே ஒருவர் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் வீடு போலவே இருக்கிறது. அந்த அம்மா கிளம்பிப் போன பிறகு மறுபடி பழையபடி ஆகிவிடும்.

ஒரு வாரம் தூக்கம் என்றேன், அடுத்த வாரம் மருந்து சாப்பிட்ட மயக்கம் என்றேன், போன வாரம் வெளியாட்களைப் பார்த்தால் கோபம் வருகிறது என்றேன். உன் அப்பாவுக்குக் கோபமா! தாமதத்தைத் தவிர வேறெதற்கும் அவருக்குக் கோபம் வந்து யார் பார்த்தார்கள்? ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் என்பார்கள், எனக்கு ஒன்பதில் நிற்காது போல. எதிர்வீட்டு டீச்சர் வேறு, ‘என்ன உங்க வீட்டில் வெள்ளிக்கிழமை ஒரே சார், சார்னு சத்தம் கேக்குது’ என்று கேட்டாள். ரேடியோ என்று சொல்லிவிட்டேன். அவள் அந்த அம்மாவை வாசலில் பிடித்து ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது கதை.

மற்ற நாட்களிலும் நூலகத்துக்குப் போகிறேன். அறிவிப்புப் பலகையில் என்ன போட்டிருக்கிறதோ அதற்கெல்லாம் போகிறேன், எனக்கு வேண்டுமா வேண்டாமா என்று பார்ப்பதில்லை. முதியோர் கம்ப்யூட்டர் வகுப்பில் மவுஸைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். விதை இரவல் கொடுக்கிறார்கள், விளைந்தால் திருப்பித் தரவேண்டும், கத்தரி விதை வாங்கி வந்து பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். கைக்குழந்தைகள் கதை நேரத்திலும் பின்வரிசையில் போய் உட்காருகிறேன். யாருடைய பாட்டியோ என்று நினைத்து ஒருவரும் கேட்பதில்லை. இரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ், “சூப்பரா இருக்கும்மா, உங்களுக்குக் கவலையே கிடையாது போல” என்றாள். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, கிள்ளிப் பார்த்தால் வேறு யார் கன்னத்தையோ கிள்ளுவது போல, எனக்கு உச்சி முதல் பாதம் வரை அப்படி இருக்கிறது. மெஷினில் அதெல்லாம் தெரியாது போலிருக்கிறது.

ஏன் சொல்லமுடியவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். குட்டிமா, நான் இதுவரை ஒருவரிடமும் அதைச் சொன்னதில்லை. எனக்கு டாக்டர் சொன்னார். உனக்குச் சித்தப்பா போன் போட்டுச் சொன்னார். தெருவுக்கு டீச்சர் சொன்னாள், அவர் வேலை பார்த்த கம்பெனிக்கு அத்தை சொன்னாள். போயிட்டார், தவறிட்டார், காலமாயிட்டார், நம்மை விட்டுட்டார் என்று ஆளுக்கொரு வார்த்தை எடுத்துக்கொண்டார்கள். எனக்கென்று ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஒரு சொல் என் வாயில் இதுவரை ஏறவேயில்லை. இப்போது இந்த அம்மாவிடம் சொல்லவேண்டும் என்றால் நானேதான் சொல்லவேண்டும். சொன்னால் வாசிப்பும் நின்றுவிடும். இரண்டும் எனக்கு முடியாது என்று தோன்றுகிறது.

சரி, யாருக்கும் கெடுதல் இல்லாத பொய்தானே, கதை முடிகிறவரை போகட்டும் என்று இருந்தேன். அதுவும் இல்லை என்று இன்றைக்குத் தெரிந்தது. கவுண்டரில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் கட்டிடத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறவராம், சாரம் சரிந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து மல்லாந்தபடியே கிடக்கிறாராம். எழுத்து வாசிக்கப் பழகாதவர். கதை என்றால் உயிராம். வீடு தேடி வாசிப்புக்கு எழுதிக் கொடுத்து எவ்வளவோ காலமாகக் காத்திருக்கிறார்கள். நம் பகுதிக்கு வாசிக்க இந்த அம்மா ஒருவர்தான் இருக்கிறாராம், அவரால் புதிதாக ஒரு வீடுகூடச் சேர்க்கமுடியாதாம். யாராவது ஒருவர் குணமானால்தான் அடுத்தவருக்கு என்று கண்ணாடிச் சங்கிலிப் பெண் விளக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “இதோ, இவங்க வீட்டுக்காரரும் படுக்கையிலதான் இருக்கார்” என்றாள்.

பெயிண்டர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “சார் சீக்கிரம் எழுந்து நடமாடணும்னு நானும் வேண்டிக்கிறேங்க. எங்களுக்காக இல்லை, நிஜமாவே” என்றாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தமுடியுமா? நான் தலையை ஆட்டிவிட்டு மாடியேறி வந்து இதை எழுதுகிறேன். தெருவிளக்குப் பெரியவர் இன்றும் எட்டிப் பார்க்கிறார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

என்ன செய்யட்டும், நீயே சொல். நீ படித்தவள்.

உன்
அம்மா


வீட்டிலிருந்து
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள குட்டிமாவுக்கு,

முதல் கடிதம் வழியில் எங்கோ தங்கி, இரண்டும் ஒன்றாகவே வந்து சேர்ந்தது என்று போனில் சொன்னாய். உனக்கென்ன பைத்தியமாம்மா என்று கத்தினாய். அப்புறம் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். எனக்குக் கோபமில்லை. கத்தினாயே, அதுவே பரவாயில்லை என்றுதான் இருந்தது.

அந்தக் கடிதத்துக்குப் பிறகும் சில வெள்ளிக்கிழமைகளைக் கடத்திவிட்டேன். இந்த வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். கதையில் கடைசி அத்தியாயம்தான் பாக்கி. கொலை செய்தது யார் என்று தெரிந்துவிடும். அது தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், இன்னும் ஒரு மணி நேரம்தானே, பெயிண்டர் இத்தனை நாள் காத்திருந்தவர் இன்னும் ஒரு மணி காத்திருக்கமாட்டாரா என்று என் மனசு கணக்குப் போட்டது. பேராசை என்றால் இதுதான். அறிவிப்பு அம்மா வந்தார், நாற்காலியைக் கதவுக்கு நேராகப் போட்டார், கடைசி அத்தியாயம் என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டு பக்கம் வாசித்திருப்பார். வழக்கம்போல, “சத்தம் கேக்குதா சார்?” என்றார்.

அவர் காத்திருந்தார். இந்தத் தடவை என்னால் சேர்ந்து காத்திருக்கமுடியவில்லை. ஏன் என்று தெரியாது. எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.

நான் அந்த அறையில் படுப்பதில்லை என்று உனக்குத் தெரியாது. கூடத்து சோபாவில்தான் படுக்கிறேன். கட்டில் மேல் துவைத்து மடிக்காத துணி ஒரு மூட்டைக்கு இருந்தது. அந்த அம்மா அதைப் பார்த்து, போர்வைக்குள் அப்பா இருக்கிறார் என்று நினைத்து, மெதுவாகக் கிட்டே போய்க் குனிந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் குரலைத் தாழ்த்தி, “சார்?” என்று கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பு வரும் போல இருந்தது. சிரித்திருந்தால் நான் மனுஷியே இல்லை.

“இறந்துட்டார்” என்று சொன்னேன். யார் என்று கேட்டார். “சார்தான். என் வீட்டுக்காரர். நீங்க வர ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே” என்றேன். அவர் புத்தகத்துக்குள் விரலை வைத்தபடியே துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்போ நான் இத்தனை நாளா யாருக்குப் படிச்சேன்?” என்றார். எனக்கு என்றேன்.

நான் என்ன நினைத்தேன் என்றால், கட்டிப் பிடித்துக்கொள்வார், பரவாயில்லை என்பார் என்று நினைத்தேன். ஒன்றும் கிடையாது. அவருக்கு நல்ல கோபம். “வண்டி வராதுன்னு தெரிஞ்சா உடனே சொல்லிடணும்மா. ஜனங்களை உட்கார வச்சு ஏமாத்தக் கூடாது. அங்கே ஒருத்தர் இடுப்பு ஒடிஞ்சு விட்டத்தைப் பாத்துக்கிட்டுக் கிடக்கார்” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மரத்த கன்னத்தில் சுருக்கென்று ஒரு குத்து விழுந்தது போல இருந்தது, பிறகு அதுவும் அடங்கிவிட்டது. யார் கொலை செய்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் நூலகத்துக்குப் போனேன். இரண்டாவது தடவை சத்தம் எவ்வளவு வைப்பது என்று தெரியவில்லை. அப்பா இறந்துவிட்டார், அட்டையை ரத்து செய்துவிடுங்கள் என்று நான் சொன்னது செய்தித்தாள் வாசிக்கிற அறை வரை கேட்டுவிட்டது. நாலைந்து பேர் பேப்பரை இறக்கிப் பார்த்தார்கள். கண்ணாடிச் சங்கிலிப் பெண், “அன்னைக்கு முடியாமப் போச்சுன்னுதானேம்மா சொன்னீங்க?” என்றாள். முடிஞ்சு போச்சு என்று சொன்னேன்மா என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், அவள்மேல் ஒரு தப்பும் இல்லை, அதை அவளிடமும் சொல்லிவிட்டேன்.

அப்பா தேனீ வளர்ப்பு பற்றி ஒரு புத்தகத்துக்கும் பெயர் கொடுத்து வைத்திருந்தாராம். தேனீயை அவர் எங்கே வளர்ப்பதாக இருந்தார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை என் பெயருக்கு மாற்றித் தரட்டுமா, எனக்கும் ஒரு அட்டை போட்டுவிடட்டுமா என்று அவள் கேட்டாள். அடுத்து இருப்பவருக்குக் கொடுத்துவிடு, அட்டையை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

வாசிப்பு பெயிண்டர் வீட்டுக்கு மாறிவிட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நேற்று சாயங்காலம் மருந்துக்கடை வாசலில் அவர் மனைவி என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. “எங்களுக்கு இடம் கிடைச்சிருச்சுங்க. அப்போ உங்க சார் எழுந்து நடமாட ஆரம்பிச்சுட்டார்தானே? நான் வேண்டிக்கிட்டது வீண் போகலை” என்றாள். இடம் காலியானால் ஆள் குணமாகிவிட்டார் என்றுதானே அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அவளும் சந்தோஷமாகப் போயிருப்பாள்.

இல்லைம்மா, அவர் இறந்துட்டார் என்று சொன்னேன். அவள் அங்கேயே என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். அவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை அவள். நான் மருந்துப் பொட்டலத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அழாதேம்மா, அழாதே என்றேன். எதிர்வீட்டு டீச்சர் பார்த்திருந்தால் யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்று கேட்டிருப்பாள். எனக்கு அப்போதும் கண்ணில் ஒரு பொட்டு வரவில்லை.

இனி ஒரு விஷயம். இதைப் போனில் சொல்லக்கூடாது என்றுதான் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று காலை நான் கூப்பிட்டபோது நீ குளித்துக்கொண்டிருந்தாய். உன்னோடு தங்கியிருக்கும் பெண் போனை எடுத்தாள். நல்ல பெண், குரலிலேயே தெரிகிறது. “அங்கிளுக்கு இப்போ பரவாயில்லையா ஆன்ட்டி? உடம்பு சரியில்லைன்னு அவ்வளவு அவசரமா கிளம்பி வந்தாளே” என்று கேட்டாள். நீ திரும்பிப் போன பிறகு ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறீர்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

நான் பொய் சொல்லவில்லை. நிஜத்தையும் சொல்லவில்லை. அவளையே கேளும்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இந்தக் கடிதம் வருவதற்குள் அவள் உன்னைக் கேட்டிருப்பாள். நீ ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாய். என் மகள் அல்லவா.

உன்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. உன்னிடம் நான் சொல்லவேண்டியதைச் சித்தப்பா சொல்லும்படி விட்டுவிட்டு, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து என் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். நீ அங்கே யாரிடமும் சொல்லாமல் இருப்பதற்கு நான்தான் வழி காட்டியிருக்கிறேன். அதனால் இப்போது சொல்கிறேன். குட்டிமா, அப்பா இறந்துவிட்டார்.

உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அம்மா சொல்லி நீ கேட்கவில்லையே, அதற்காகத்தான். எழுதிவிட்டு இந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. குழாய் ஒழுகுகிறது, கீழ்வீட்டில் யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள்.

நீ அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடு. அவள் சமைத்துக்கொண்டிருக்கும்போது சொல், முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிய அவசியமில்லை. முதல் தடவை நாக்கு புரளாது, இரண்டாவது தடவை சத்தம் அதிகமாகிவிடும், பரவாயில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு உன் பக்கத்தில் வந்து உட்காருவாள். உட்கார விடு.

அதற்கப்புறம் உனக்கு அழுகை வந்தாலும் வரும். எனக்கு இன்னும் வரவில்லை, வருமா என்றும் தெரியவில்லை. உனக்கு வந்தால் அடக்கிக்கொள்ளாதே கண்ணு. எனக்கும் சேர்த்து அழுதுவிடு.

நீ நல்லா இருக்கணும்,
அம்மா